பழைய வீடுகளின் உட்சுவர்ப் பூச்சும் வண்ணத் தேர்வும்

பொங்கற் பண்டிகையை எதிர்நோக்கி வீட்டை ஒழித்துப் பெருக்கி வெள்ளையடிப்பது நமது கிராமங்களில் தொன்றுதொட்டு வரும் நல்வழக்கம். அழகு கருதி மட்டும் ஏற்பட்டதன்று இவ்வழக்கம். மழைக்காலத்தில் ஈரம் உண்ட சுவரைப் பழுது பார்ப்பதும், புகையும் பூச்சியும் சேர்ந்த மூலைகளைத் தூய்மை செய்வதும், இருண்ட அறைகளுக்கு ஒளி ஊட்டுவதும் இதனுள் அடங்கும். வீட்டாரே சுண்ணாம்பை நீற்றி, வீட்டாரே மட்டை பிடித்துச் செய்து வந்த வேலை இது.

அண்மைக் காலத்தில் இவ்வேலை கூலிக்கு விடப்படுவதும், சுண்ணாம்பின் இடத்தை விலையுயர்ந்த வர்ணங்கள் பிடிப்பதும் பெருகியுள்ளன. புதிய சிமெண்டு வீடுகளில் இதனால் தீங்கில்லை. ஆனால் மண்ணாலும் செங்கல்லாலும் சுண்ணாம்பாலும் எழுந்த பழைய வீடுகளில், பணமும் போய்ச் சுவரும் கெடுகின்ற நிலை உண்டாகிறது. நமது வட்டாரத்து ஊர் ஒன்றில், நாட்டு ஓடு வேய்ந்த பழைய வீட்டின் கூடத்துக்கு, கடன் வாங்கிப் பளபளப்பான எமல்ஷன் வர்ணம் பூசினார் ஒரு விவசாயி. அடுத்த ஐப்பசி மழையில் சுவரின் கீழ்ப்பகுதி முழுவதும் கொப்புளம் கண்டது. வர்ணம் உரிந்தபோது அதனோடு பழைய சாந்தும் பெயர்ந்து விழுந்தது. வர்ணம் மட்டமானதன்று, சுவருக்கும் வர்ணத்துக்கும் பொருத்தமில்லை. அப்பொருத்தத்தை அறிந்து, குறைந்த செலவில் வேலையை நாமே செய்து முடிக்கும் வகையை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

சுவரின் இயல்பு

பழைய வீடுகளின் சுவர் பெரும்பாலும் நேரே தரையிலிருந்து எழுந்தது. இன்று கடைக்கால் மட்டத்தில் போடுவது போன்ற ஈரத்தடுப்பு அவற்றில் இல்லை. ஆதலின் நிலத்து ஈரம் சிறிது சிறிதாகச் சுவரில் ஏறும். ஏறிய ஈரம் சுண்ணாம்புச் சாந்தின் நுண்ணிய துளைகள் வழியே காற்றில் கலந்து போய்விடும். சுவர் மூச்சு விடுகிறது என்று கொத்தனார்கள் சொல்வது இதனையே. எமல்ஷன், எனாமல் ஆகிய வர்ணங்கள் காய்ந்ததும் ஒரு தோல் போலப் படிந்து இத்துளைகளை அடைத்து விடுகின்றன. வெளியேற வழியற்ற ஈரம் தன்னோடு கொண்டு வந்த உப்பைப் பூச்சுக்கு அடியிலேயே படியச் செய்கிறது. உப்பு பூத்துப் பருத்துச் சாந்தைப் பிளக்கிறது. சிமெண்டுச் சாந்தைக் கொண்டு பழைய சுவரை ஒட்டினாலும் இதே தீங்கு நேரும்.

சுண்ணாம்பு வெள்ளையின் தன்மை வேறு. சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ சுட்டால் கரியமிலவாயு வெளியேறி, சுட்ட சுண்ணாம்பு கிடைக்கிறது. அதனை நீரில் இட்டு நீற்றிச் சுவரில் பூசினால், காற்றிலுள்ள கரியமிலவாயுவை மீண்டும் ஏற்று, மெல்ல மெல்லக் கல்லாகவே மாறுகிறது. சாந்தும் சுண்ணாம்பு, பூச்சும் சுண்ணாம்பு ஆதலால், இரண்டும் ஒன்றிப் பிடிக்கின்றன, துளைகளும் அடைபடுவதில்லை. நீற்றிய சுண்ணாம்பின் காரத்தன்மை பூஞ்சை வளர்வதையும் தடுக்கிறது.

நம் வீட்டுச் சுவர் எத்தகையது என்பதை ஓர் ஆணியால் அறியலாம். மறைவான இடத்தில் கீறிப் பார்த்தால், சுண்ணாம்புச் சாந்து வெண்பொடியாக உதிரும். சிமெண்டுச் சாந்து சாம்பல் நிறத்துடன் கெட்டியாக நிற்கும். பின்னர்ச் சுவரில் சிறிது நீரைத் தெளிக்க வேண்டும். நீரைச் சுவர் உறிஞ்சினால் சுண்ணாம்பு வெள்ளை பிடிக்கும். நீர் முத்து முத்தாக வழிந்தால், அதன்மேல் ஏற்கெனவே வர்ணத் தோல் உள்ளது. அதனைச் சுரண்டி எடுக்காமல் சுண்ணாம்பு பூசினால் ஒட்டாது.

முதலில் ஈரத்தின் மூலம்

ஒழுகும் கூரையின் கீழ் எந்தப் பூச்சும் நிலைக்காது. ஐப்பசி, கார்த்திகை மழையின்போதே சுவரில் ஈரம் காணும் இடங்களைக் கரித்துண்டால் குறியிட்டு வைப்பது சிறந்த முறை. மழை ஓய்ந்தபின் ஒவ்வொரு குறிக்கும் காரணத்தைத் தேட வேண்டும். சுவரின் மேற்பகுதியில் ஈரம் கண்டால் உடைந்த ஓடு, அடைபட்ட தகர வாய்க்கால், அல்லது தளத்தின் விரிசல் காரணமாகும். கீழ்ப்பகுதியில் கண்டால் வெளிச்சுவரை ஒட்டி மேடாகச் சேர்ந்த மண், எருக்குவியல், தேங்கும் குளியலறை நீர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். பல வீடுகளில், தெரு மட்டம் உயர்ந்ததனாலேயே சுவரில் ஈரம் ஏறுகிறது. சுவரோரம் குவிந்த மண்ணை அகற்றி, நீர் விலகி ஓடச் சிறு வாய்க்கால் எடுத்தாலே பாதிக் குறை தீரும்.

சுவரை ஊடுருவிச் செல்லும் பெரிய விரிசல், சாய்ந்த சுவர், உளுத்த உத்தரம் ஆகியவற்றை வெள்ளையடித்து மறைத்தல் ஆகாது. அவை உயிருக்கு ஆபத்தானவை. ஊராட்சி ஒன்றியப் பொறியாளரிடமோ பணி மேற்பார்வையாளரிடமோ காட்டி யோசனை பெற்ற பின்னரே பூச்சு வேலையைத் தொடங்க வேண்டும்.

சுவரைப் பக்குவப்படுத்துதல்

பாத்திரங்களையும் தானியங்களையும் வெளியேற்றி, மின்சாரத்தின் தலைமை விசையை நிறுத்தி, விசைப் பலகைகளைத் தாளால் மூடிவிட வேண்டும். பழைய வெள்ளை பல ஆண்டுகளாக அடுக்கடுக்காகப் படிந்து செதில் செதிலாக நின்றால் அதனைக் கரண்டியால் சுரண்டி எடுக்க வேண்டும். உறுதியாக ஒட்டியிருக்கும் படலத்தைப் பெயர்க்கத் தேவையில்லை. நார்த் தூரிகையால் தூசு போகத் தேய்த்தால் போதும். தூசு நெஞ்சில் சேராதிருக்க மூக்கையும் வாயையும் மூடிக்கொள்வது நலம்.

உப்பு பூத்த இடத்தை நீர் ஊற்றிக் கழுவுதல் தவறு. நீரில் கரைந்த உப்பு மீண்டும் சுவருக்குள்ளேயே செல்லும். உலர்ந்த தூரிகையால் துடைத்து, உதிர்ந்ததை முறத்தில் ஏந்தி வெளியே எறிய வேண்டும். அடுப்படிச் சுவரில் படிந்த புகைக்கரியைச் சோப்பு நீரால் தேய்த்துக் கழுவ வேண்டும். இல்லையேல் எத்தனை முறை வெள்ளையடித்தாலும் பழுப்புக் கறை மேலே வரும். எண்ணெய்ப் பிசுக்கு நீங்காத இடங்களில், வடித்த கஞ்சியில் மெல்லிய மணல் கலந்து ஒரு முறை பூசினால் வெள்ளை பிடிக்கும்.

சிறு குழிகளையும் விரிசல்களையும், சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்த மணல் மூன்று பங்கு சேர்த்த சாந்தால் நனைத்து அடைக்கலாம். மண் சுவராயின், பதரும் வைக்கோல் துணுக்கும் சேர்த்துப் புளிக்க வைத்த மண்ணே ஏற்றது. அடைத்த இடம் நன்கு உலர்ந்த பின்னரே வெள்ளையடிக்க வேண்டும்.

சுண்ணாம்பு நீற்றும் முறை

கிளிஞ்சல் சுண்ணாம்பு நல்ல வெண்மை தரும், கற்சுண்ணாம்பும் தகும். எதுவாயினும், காற்றுப்பட்டுப் பொடிந்து போகாத புதுச் சுண்ணாம்பாக இருத்தல் வேண்டும். இரும்புப் பீப்பாயில் அல்லது செங்கல் தொட்டியில் முதலில் நீரை ஊற்றிக்கொண்டு, பின்னர்ச் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாக இட வேண்டும். சுண்ணாம்பின்மேல் நீரை ஊற்றுதல் கூடாது. அது கொதித்துச் சிதறும். அலுமினியப் பாத்திரத்தைச் சுண்ணாம்பு அரித்துவிடும். பிளாஸ்டிக் வாளி வெப்பத்தில் இளகிவிடும். பாத்திரத்தை இறுக மூடவும் கூடாது.

பொதுப்பணித் துறைகள் நெடுங்காலமாகக் கையாளும் அளவு பின்வருமாறு. 1 கிலோ சுட்ட சுண்ணாம்புக்கு 5 லிட்டர் நீர் சேர்த்துக் கிளறி, 24 மணி நேரம் வைத்திருந்து, தூய முரட்டுத் துணியில் வடிகட்ட வேண்டும். வடித்த குழம்பில் ஒவ்வொரு 10 லிட்டருக்கும் 40 கிராம் பிசினை வெந்நீரில் கரைத்துச் சேர்க்க வேண்டும். வெண்மை எடுப்பாகத் தோன்ற, கிலோவுக்கு 3 கிராமுக்கு மேற்படாமல் நீலம் சேர்க்கலாம். கடைசியாகக் கிலோவுக்கு இன்னும் 5 லிட்டர் நீர் விட்டால் பால் போன்ற பதம் வரும். எடுத்துக்காட்டாக, 5 கிலோ சுண்ணாம்பு நீற்றுவோர் முதலில் 25 லிட்டர் நீரும், 100 கிராம் பிசினும், 15 கிராம் வரை நீலமும், பின்னர் மேலும் 25 லிட்டர் நீரும் சேர்ப்பார்கள்.

கண்ணைப் பற்றி ஓர் எச்சரிக்கை. வெற்றிலைச் சுண்ணாம்பு கண்ணில் தெறித்துப் பார்வை கெட்ட சிறுவர்கள் உண்டு. நீற்றும் சுண்ணாம்போ சூடும் காரமும் சேர்ந்தது. நீற்றும் இடத்தில் குழந்தைகளை அண்ட விடலாகாது. வேலை செய்வோர் கண்ணாடியும் ரப்பர்க் கையுறையும் அணிதல் வேண்டும். கண்ணில் தெறித்தால் கசக்காமல், உடனே தூய நீரால் குறைந்தது 20 நிமிடம் இடைவிடாது கழுவிய பின், மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

பூசும் முறை

முதல் நாள் மாலையிலும், பூசுவதற்குச் சற்று முன்பும் சுவரில் நீர் தெளிக்க வேண்டும். உலர்ந்த சுவர் பூச்சிலுள்ள நீரை ஒரே நொடியில் உறிஞ்சிவிடும். அப்போது சுண்ணாம்பு கல்லாக மாற வழியின்றிப் பொடியாகவே நின்று, சாய்ந்தவர் சட்டையில் ஒட்டிக்கொள்ளும். சுவர் நனைந்திருக்க வேண்டும், நீர் வழியக் கூடாது.

முதலில் மேல்தளம், பின்னர்ச் சுவர் என மேலிருந்து கீழ் நோக்கி வேலை நடக்க வேண்டும். நார் மட்டையால் மேலிருந்து கீழாக ஒரு வீச்சு, அது காயுமுன் அதன்மேல் கீழிருந்து மேலாக ஒரு வீச்சு, பின்னர் இடமிருந்து வலமாகவும் வலமிருந்து இடமாகவும் ஒவ்வொன்று. இவ்வாறு பூசுவது ஒரு பூச்சு ஆகும். அது உலர்ந்த மறுநாள் அடுத்த பூச்சு. புதுச் சாந்துக்கு மூன்று பூச்சு வேண்டும். பழைய வெள்ளையின்மேல் ஒன்றிரண்டு போதும். வாளியிலுள்ள கரைசலை அடிக்கடி கலக்கிக்கொள்ள வேண்டும்.

இங்குப் பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. வேலை விரைவில் முடிய வேண்டிக் கரைசலைத் தயிர் போலக் கெட்டியாக்கிப் பூசுகின்றனர். கெட்டிப் பூச்சு காய்ந்து வெடித்து உதிரும். ஈரமாக இருக்கையில் சுவர் தெரிகிறதே என்று அஞ்ச வேண்டாம். சுண்ணாம்பு காயக் காயத்தான் வெளுக்கும்.

வண்ணத் தேர்வு

பழைய வீடுகளில் வெளிச்சம் முற்றத்தின் வழியே கூடத்துக்கு வருகிறது. நடையும் உள்ளறைகளும் பகலிலும் இருண்டு கிடக்கின்றன. இந்நிலையில் சுவரின் வண்ணம் ஒரு விளக்கின் வேலையைச் செய்கிறது. நல்ல வெள்ளைச் சுவர் தன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கைத் திருப்பித் தரும். அடர்ந்த பச்சை, அடர்ந்த நீலம் போன்றவை பெரும்பகுதியை விழுங்கிவிடும். ஆதலின் வண்ணம் தேர்வதற்கு முன், நண்பகலில் அந்த அறையில் விளக்கின்றி நின்று அரிசியில் கல் பொறுக்க முடிகிறதா எனப் பார்க்க வேண்டும். முடியாத அறைக்கு வெள்ளையே தகும்.

முற்றத்தை ஒட்டிய கூடத்திலும் தாழ்வாரத்திலும் வெயில் நேரே விழும். அங்கு வெறும் வெள்ளை கண்ணைக் கூசச் செய்யும். சிறிது மஞ்சட்காவி சேர்த்த இளமஞ்சள் கண்ணுக்கு இதமானது. சமையலறைக்கும் நெல் வைக்கும் அறைக்கும் வெள்ளையே சிறந்தது. பூச்சியும் எலித்தடமும் அழுக்கும் உடனே தெரியும். பிள்ளைகள் படிக்கும் மூலை வெள்ளையாகவோ இளமஞ்சளாகவோ இருக்கட்டும். ஆளும் மாடும் புழங்கும் நடையில் தரையிலிருந்து 3 அடி உயரம் வரை செங்காவி பூசினால், கைப்பட்ட கறையும் சேறும் தோன்றா. ஆண்டுதோறும் அப்பட்டையை மட்டும் புதுப்பித்தால் போதும். பார்வை மங்கிய முதியோர் உள்ள வீட்டில், படியின் விளிம்பையும் வாயிற்படியையும் தரையினின்று வேறுபட்ட நிறத்தில் காட்டுவது, அவர்கள் தடுக்கி விழாமல் காக்கும்.

பச்சையும் நீலமும் பூசினால் அறை குளிரும் என்பது பொதுவான எண்ணம். கண்ணுக்குக் குளிர்ச்சி உண்டு. அறையின் வெப்பம் அதனால் குறைவதில்லை. வெப்பம் குறைய வேண்டின், வெயில் படும் மேல்தளத்தின் வெளிப்புறத்தில் வெள்ளை பூச வேண்டும்.

சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கும் வண்ணங்களையே அதனுடன் கலக்க வேண்டும். செங்காவி, மஞ்சட்காவி, கரி ஆகிய மூன்றும் நெடுநாள் நிற்பவை. இரண்டு காவியும் கலந்தால் இளஞ்செங்கல் நிறம். மஞ்சட்காவியில் சிறிது கரி சேர்த்தால் பாசிப்பச்சை. கரி மட்டும் சேர்த்தால் சாம்பல் நிறம் கிடைக்கும். கோலப்பொடிச் சாயங்களும் துணிச் சாயங்களும் விரைவில் வெளுத்துவிடும். வண்ணப்பொடி, சுண்ணாம்பின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது. தாண்டினால் கையில் ஒட்டும். பொடியை முதலில் சிறிது நீரில் குழைத்து வடிகட்டிச் சேர்க்க வேண்டும். வாளியில் அடர்த்தியாகத் தோன்றும் நிறம் சுவரில் காய்ந்ததும் மிகவும் வெளுக்கும். ஆகவே சுவரில் 2 அடிச் சதுரத்தில் பூசி, மறுநாள் காலையிலும் நண்பகலிலும் இரவு விளக்கிலும் பார்த்து முடிவு செய்ய வேண்டும். முடிவு செய்தபின், ஓர் அறைக்கு வேண்டிய முழு அளவையும் ஒரே தடவையில் கலக்க வேண்டும். இருமுறை கலந்த நிறம் ஒத்து வராது.

சில சுவர்களுக்கு எதுவும் பூசாதிருத்தலே நாம் செய்யும் தொண்டு. செட்டிநாட்டு வீடுகளில் காண்பது போன்ற, முட்டை வெண்கரு சேர்த்து இழைத்த வழுவழுப்பான பூச்சும், பழைய சுவரோவியங்களும் ஒருமுறை மறைந்தால் திரும்பக் கிடைக்கா. அவற்றை மெல்லிய உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

கதவு சன்னல்களில் உள்ள பழைய வர்ணம்

நிற்க, கதவு, சன்னல், கம்பி ஆகியவற்றின் எனாமல் வர்ணத்தில் மறைந்துள்ள அபாயம் ஒன்றைக் கட்டாயம் அறிய வேண்டும். முற்காலத்து வர்ணங்கள் பலவற்றில் நிறத்துக்காகவும் விரைவில் உலர்வதற்காகவும் ஈயம் சேர்க்கப்பட்டது. உதிர்ந்த வர்ணச் செதிலும் தூசியும் தவழும் குழந்தையின் கை வழியே வாய்க்குச் செல்லும். குழந்தையின் மூளை வளர்ச்சியை ஈயம் குன்றச் செய்கிறது. இத்தனை அளவு வரை தீங்கில்லை என்று சொல்லக்கூடிய எல்லையே ஈயத்துக்கு இல்லை என உலக சுகாதார நிறுவனம் அறிவித்துள்ளது. வீட்டு வர்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாது என்று இந்திய அரசு 2016ஆம் ஆண்டில் விதி வகுத்தது; அது 2017 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முற்பட்ட வர்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும் என்றே கொள்ள வேண்டும்.

ஆதலின் பழைய வர்ணத்தை உலர்ந்த உப்புத்தாளால் தேய்ப்பதும், நெருப்புக் காட்டி உரிப்பதும் கூடாது. வர்ணம் உறுதியாக இருந்தால் சோப்பு நீரால் துடைத்து, அதன்மேலேயே புது வர்ணம் பூசலாம். உரிந்து நின்றால் நீர் தெளித்து நனைத்தே தேய்க்க வேண்டும். கீழே விரித்த தாளில் விழுவதை அப்படியே சுருட்டிக் கட்டி, கிணறு, மாட்டுத் தொழுவம், எருக்குழி ஆகியவற்றில் சேராமல் அப்புறப்படுத்த வேண்டும். வேலை முடிந்து ஈரத்துணியால் தரையைத் துடைக்கும் வரை, குழந்தைகளும் கருவுற்ற பெண்களும் வேறிடத்தில் இருத்தல் நலம். புது வர்ணம் வாங்கும்போது ஈய அளவு பற்றிய குறிப்பு டப்பாவில் இருக்கிறதா எனப் பார்த்து வாங்க வேண்டும்.

அளவும் செலவும்

வேலையைத் தொடங்குமுன் கணக்கிடுதல் சிக்கனத்துக்கு முதற்படி. 12 அடி நீளம், 10 அடி அகலம், 9 அடி உயரம் உள்ள அறையை எடுத்துக்கொள்வோம். நான்கு சுவர்களின் சுற்றளவு 44 அடி. உயரத்தால் பெருக்க 396 சதுர அடி. 6 அடிக்கு 3 அடிக் கதவு 18 சதுர அடி, 4 அடிக்கு 3 அடிச் சன்னல் 12 சதுர அடி. இவற்றைக் கழிக்க 366 சதுர அடி நிற்கும். மேல்தளம் 120 சதுர அடியைச் சேர்த்தால் மொத்தம் 486 சதுர அடி. முதலில் 1 கிலோ சுண்ணாம்பு மட்டும் நீற்றி, அது நம் சுவரில் எத்தனை சதுர அடிக்கு வருகிறது என்று பார்த்து, அதனைக் கொண்டு மொத்தத் தேவையைக் கணக்கிட்டு வாங்கினால் மிச்சமும் இராது, குறைவும் இராது.

ஊராட்சி மன்றங்கள் ஆவன

ஒவ்வொரு குடும்பமும் ஏணி, நீற்றும் பீப்பாய், மட்டை, கண்ணாடி, கையுறை ஆகியவற்றைத் தனித்தனியே வாங்க வேண்டுவதில்லை. மகளிர் சுய உதவிக் குழுவோ இளைஞர் மன்றமோ ஒரு தொகுதி வாங்கி வைத்து, முறை வைத்து எடுத்துக்கொள்ளலாம். ஊரில் சுண்ணாம்பு வேலை அறிந்த முதிய கொத்தனார் இருப்பின், பொதுச் சாவடியின் ஒரு சுவரில் அவரைக் கொண்டு செய்து காட்டச் சொல்லலாம். இளைஞர்கள் அருகிருந்து கற்கட்டும். அங்கன்வாடி, பள்ளிக் கட்டடங்களின் பழைய கதவுகளில் வர்ணம் உரிந்துள்ளதா என்று உறுப்பினர்கள் நேரில் பார்த்து, வேண்டிய நடவடிக்கை எடுப்பது அவசரக் கடமையாகும். அக்டோபர் 2ஆம் நாள் கிராம சபையில் இவற்றை எடுத்துரைத்தால், மழைக்காலத்தில் ஈரக் குறியிட்டு, மார்கழியில் வேலையை முடிக்க மக்களுக்கு நேரம் கிடைக்கும்.

நம் முன்னோர் கட்டிய சுவர்கள் பல மழைகளைத் தாங்கி நிற்கின்றன. அவற்றின் இயல்பறிந்து பேணினால் இன்னும் பல ஆண்டுகள் நிற்கும். கடன் சுமையின்றி, வீட்டாரின் கையுழைப்பாலேயே வீட்டுக்கு ஒளியும் தூய்மையும் சேர்க்க விவசாயப் பெருமக்கள் முன்வர வேண்டும். அதற்கு வேண்டிய உதவியை ஊராட்சி மன்ற உறுப்பினர்கள் செய்து தருவார்களாக.